சேவை விருதுக்கு எழுதப் போகிற பிள்ளைகளுக்கு

பொங்கல் லீவு முடிவதற்குள் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு மூன்று கல்லூரிப் பிள்ளைகளாவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கையில் ஒரு படிவம் இருக்கும். திருப்பத்தூரிலோ திருச்சியிலோ சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு கத்தோலிக்கக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ கடைசி வருஷம் படிக்கிறவர்கள். அந்த நிறுவனத்தின் மிஷனுக்காக உழைத்த மாணவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆண்டு விழாவிலோ பட்டமளிப்பிலோ விருது கொடுப்பார்கள் அல்லவா, அதற்கான படிவம் அது. "டீச்சர், இதுல என்ன எழுதறது?" என்பார்கள்.

நான் தர்மபுரி மாவட்டத்தில் பொம்மிடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறேன். அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கில் மறைக்கல்வி எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் என்னிடம் புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, மந்திரம் படித்தவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து கற்றுக்கொண்டதுதான்.

என் மூத்த மகள் விடுதியில் தங்கிப் படித்தாள். விடுதிக்குப் பின்னால் இருந்த தெருவில் பார்வை மங்கிப்போன ஒரு பாட்டி தனியாக இருந்தார். வாரத்தில் இரண்டு மாலை என் மகள் அங்கே போவாள். மாத்திரைகளைக் காலைக்கு ஒரு டப்பா, ராத்திரிக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைப்பாள், வெற்றிலை இடித்துக் கொடுப்பாள், ரேஷன் கடைக்குப் போய் வருவாள். இரண்டு வருஷம் இப்படி. யாரும் அனுப்பவில்லை, அவளாகப் போனாள். விருதுக்கு எழுது என்று துறைத் தலைவர் சொன்னதும் எனக்குப் போன் செய்தாள். தமிழாசிரியை மகள் விண்ணப்பம் சாதாரணமாக இருக்கலாமா என்று நானே உட்கார்ந்து எழுதினேன். ஆதரவற்ற முதியோருக்குத் தாயுள்ளத்தோடு தொண்டாற்றி, மெழுகுவத்தியாய் உருகி என்றெல்லாம் இரண்டு பக்கம். அதை ஒருவர் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தார்.

நேர்காணலில் ஒரு சிஸ்டர், "இந்த முதியோரில் ஒருவரைப் பற்றிச் சொல்லு" என்றிருக்கிறார். மகள் பாட்டியைப் பற்றிப் பத்து நிமிஷம் சொல்லியிருக்கிறாள். வெற்றிலை உரலின் சத்தம், பாட்டி இவளை இறந்துபோன தன் மகளின் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, எல்லாம். கேட்டுவிட்டு அந்த சிஸ்டர், "இது ஏன் தாளில் இல்லை?" என்றாராம். இவளுக்குப் பதில் வரவில்லை. விருது இன்னொரு பெண்ணுக்குப் போனது. அது நியாயம்தான். ஊருக்கு வந்தவள் என்னிடம் கோபிக்கவில்லை. "அம்மா, நீங்க எழுதினதுல பாட்டி இல்லவே இல்லை" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து யாருக்கும் நான் எழுதிக் கொடுப்பதில்லை. கேள்வி கேட்பேன், அவ்வளவுதான். பெற்றோருக்கும் அண்ணன்மாருக்கும் இதையே சொல்கிறேன்: பேனாவைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, படிவத்துக்கு வருவோம்.

அதில் மிஷன் என்ற சொல் இருக்கும். அதைப் பார்த்ததும் பாதிப்பேர் மதம் பரப்புகிற வேலை என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். மீதிப்பேர் தினமும் பூசைக்குப் போவதையும் செபமாலை சொல்வதையும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் சரியில்லை. இந்தக் கல்லூரியை எதற்காகத் தொடங்கினார்கள், இங்கே படித்த பிள்ளை எப்படிப்பட்ட மனிதராக வெளியே போக வேண்டும் என்று நினைத்தார்கள் என்பதுதான் அங்கே மிஷன். அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆகவே எழுதுவதற்கு முன்னால் கல்லூரிக் கையேட்டின் முதல் பக்கங்களை எடுத்து வாசியுங்கள். மூன்று வருஷம் கையில் வைத்திருந்தும் அந்தப் பக்கத்தைத் திருப்பாதவர்கள்தான் அதிகம்.

எந்தத் துறவற சபை நடத்துகிறது என்பதையும் பாருங்கள். சென்னை லயோலா 1925இல் தொடங்கியது, திருச்சி தூய வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிப் பிறகு திருச்சிக்கு வந்தது. இரண்டும் இயேசு சபையினுடையவை. அந்தச் சபையின் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பே 1973இல் ஸ்பெயினின் வலென்சியா நகரில் முன்னாள் மாணவர்களிடம் பேசும்போது, நீதிக்காக உங்களைப் பயிற்றுவித்தோமா என்று கேட்டு, இல்லை என்று தானே ஒப்புக்கொண்டார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதுதான் இனி எங்கள் கல்வியின் நோக்கம் என்றார். அப்படிப்பட்ட கல்லூரியில், பத்துப் பேருக்குப் போர்வை கொடுத்தேன் என்று எழுதினால் போதாது. அந்தப் பத்துப் பேரும் ஏன் தெருவில் படுத்திருந்தார்கள் என்று நீ யோசித்தாயா என்று தேர்வுக் குழு தேடும்.

சலேசிய சபை வேறு மாதிரி. நம் பிள்ளைகள் ரயிலேறிப் போகிற திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951இலிருந்து அவர்கள் நடத்துவது. தர்மபுரியிலேயே டான் போஸ்கோ கல்லூரி இருக்கிறது. வேலை தேடி இத்தாலியின் தூரின் நகரத்துக்கு வந்து தெருவில் திரிந்த பையன்களைக் கூட்டி உட்கார வைத்து, அவர்களோடு விளையாடி, தொழிலும் படிப்பும் சொல்லிக் கொடுத்தவர் தொன் போஸ்கோ. அறிவு, சமயம், அன்பு என்ற மூன்றின் மேல் பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்பார். அங்கே நீ எத்தனை திட்டம் நடத்தினாய் என்பதைவிட, பிள்ளைகளோடு எவ்வளவு நேரம் இருந்தாய் என்பதுதான் பெரிது. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி 1947இல் எஃப்.எம்.எம். என்கிற பிரான்சிஸ்கன் சபை சிஸ்டர்கள் தொடங்கியது. அந்தச் சபையே 1877இல் நம் ஊட்டியில் பிறந்தது என்று சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள். பெங்களூர் கிறைஸ்ட் பல்கலைக்கழகத்தின் பின்னால் இருப்பது சி.எம்.ஐ. என்கிற கார்மேல் துறவியர் சபை, 1831இல் கேரளத்தின் மன்னானத்தில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான புனித சாவரா, ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்று நின்றவர். ஓசூரிலிருந்து அங்கே படிக்கிற ஒரு பையன், தன் பங்குக் கோயில் வளாகத்தில் நடத்திய ஞாயிறு டியூஷனைப் பெரிய விஷயமாக நினைக்காமல் விட்டிருந்தான். சாவரா கதையைச் சொன்னதும் அவனே அதை முதல் பத்தியில் வைத்தான்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ளச் சொல்வது நிறுவனர் பெயரைக் கட்டுரையில் தூவுவதற்காக அல்ல. நீ செய்த பத்து வேலைகளில் எதை எழுதுவது என்று தேர்ந்தெடுக்கத்தான்.

அடுத்தது, யார் எழுதலாம் என்ற சந்தேகம். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வேதியியல் படிக்கிறவள், இந்துக் குடும்பம். "டீச்சர், நான் ஞானஸ்நானம் வாங்கலையே, எனக்கு எழுதலாமா?" என்றாள். படிவத்தை இரண்டு பேரும் வரிவரியாகப் படித்தோம். கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காகப் போப் இரண்டாம் யோவான் பவுல் 1990 ஆகஸ்ட் 15இல் ஒரு ஆவணம் வெளியிட்டார். வேற்றுச் சமயத்தவரும் அந்தக் கல்விச் சமூகத்தின் உறுப்பினர்களாக இருக்கலாம் என்றும், ஒவ்வொருவரின் மனச்சான்றுச் சுதந்திரத்தையும் முழுமையாக மதிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தைரியம் வந்தது.

அவள் செய்திருந்த வேலையைக் கேளுங்கள். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும், இன்னும் கூடினால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் அவளுடைய ஊர்க்காரர்கள் போர் என்று சொல்கிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். அவள் ஒவ்வொரு போரிலிருந்தும் பாட்டிலில் பிடித்துக் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப் போய்ச் சோதித்தாள். எதைக் குடிக்கலாம், எதைத் துவைக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று போருக்குப் போர் பெயின்டில் எழுதி வைத்தாள். மாரியம்மன் கோயில் திடலில் பெண்களைக் கூட்டி விளக்கினாள். அவளுக்கு விருது கிடைத்தது. அதைவிட, "என் பல்லைக் காட்டித்தான் பேசினேன், டீச்சர்" என்று அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவள் பல்லிலும் அந்தக் கறை உண்டு. அந்த வரியைக் கட்டுரையில் எழுத முதலில் கூச்சப்பட்டாள், பிறகு எழுதினாள்.

எல்லா விருதும் இப்படி இருக்காது. வழிபாட்டுப் பணிக்கு, மறைக்கல்விக்கு என்று தனியாக இருப்பவற்றில் கத்தோலிக்க மாணவர் என்ற நிபந்தனை இருக்கலாம். சிலவற்றுக்கு நீங்களே விண்ணப்பிக்க முடியாது, ஒரு பேராசிரியரோ ஆன்ம வழிகாட்டியோ முன்மொழிய வேண்டும். விதியை முதலில் படித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் நண்பரைக் கேட்காமல் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "வலது கை கொடுக்கறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? இப்ப நானே எழுதி விருது கேட்கறது சரியா?" நல்ல பிள்ளைகள்தான் இதைக் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியாலேயே எழுதாமல் விட்டவர்களும் உண்டு. நானும் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். எங்கள் பழைய பங்குத்தந்தை ஒருவர்தான் வழி காட்டினார். வலது கை, இடது கை பற்றிச் சொன்ன அதே மலைப்பொழிவில்தான், சற்று முன்னால், உங்கள் ஒளி மற்றவர் முன் ஒளிரட்டும் என்றும் இயேசு சொல்கிறார். லயோலாக் கல்லூரியின் விருதுவாக்கே அதுதான். அந்த வசனத்தை முழுதாகப் படித்தால், மக்கள் அந்த நற்செயல்களைப் பார்த்துவிட்டு விண்ணகத் தந்தையைத்தான் புகழ வேண்டும், செய்தவரை அல்ல. ஆகவே கேள்வி எழுதலாமா வேண்டாமா என்பதல்ல. படித்து முடித்தவருக்கு மனதில் யார் நிற்கிறார் என்பதுதான். பாட்டியும் அந்தத் தெருவும் நின்றால் நீ எழுதியது சரி. நீ மட்டும் நின்றால் திருப்பி எழுது. என் இரண்டு பக்கத்தில் நின்றது என் தமிழ் மட்டும்தான்.

இப்போது வேலைக்கு வருகிறேன். கடைசி வருஷம் வரை காத்திருக்காமல் இதை முதல் வருஷத்திலேயே தொடங்கினால் நல்லது: ஒரு நாற்பது பக்க நோட்டு. சேவைக்குப் போய் வந்த நாளில் தேதி போட்டு நாலு வரி. யாரைப் பார்த்தாய், என்ன நடந்தது, நினைத்தபடி நடக்காதது எது. நோட்டுக்கு இது போதும். பொம்மிடியிலிருந்து திருப்பத்தூருக்கு ரயிலில் போய்ப் படித்த ஒரு பையன், கல்லூரியின் கிராமப் பணியில் பழகியதை வைத்து எங்கள் ஊருக்கு வெளியே செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குச் செவ்வாயும் வியாழனும் பாடம் சொல்லிக் கொடுத்தான். மறுநாள் காலை ரயிலில் உட்கார்ந்து, மொரப்பூர் தாண்டி சாமல்பட்டி வருவதற்குள் எழுதி முடித்துவிடுவான். அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் இப்படி இருந்தது: "மழை. நாலு பேர்தான் வந்தார்கள். சின்னவள் வாளப்பளம் என்றே சொல்கிறாள். திருத்தினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசும்போது கவனித்தேன், நானும் அப்படித்தான் சொல்கிறேன்." இன்னொரு நாள்: "யாரும் வரவில்லை. சூளையில் லோடு ஏற்றும் நாளாம். பிள்ளைகளும் கல் சுமக்கிறார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன்."

இந்த இரண்டாவது குறிப்பு இருக்கிறதே, இதை எந்த மெழுகுவத்தி வாக்கியமும் தொட முடியாது. அந்த நாளுக்குப் பிறகு அவன் மேஸ்திரியிடம் பேசி, லோடு நாளைக் கேட்டு, வகுப்பை வேறு நாளுக்கு மாற்றினான். பிள்ளைகள் கல் சுமப்பது பற்றித் தலைமை ஆசிரியரிடமும் சொன்னான். நோட்டு இல்லாவிட்டால் இதெல்லாம் மார்ச் மாதத்தில் நினைவுக்கே வராது, 'ஏழை மாணவர்களுக்குக் கல்வி அளித்தேன்' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கியிருக்கும்.

நோட்டு எழுதாதவர்கள் என்ன செய்வது? போன் இருக்கிறதே. வாட்ஸ்அப்பில் பழைய செய்திகள், படங்களின் தேதி, பஸ் டிக்கெட், எதையாவது வைத்து நாட்களைத் திரும்பக் கட்டுங்கள். கூடப் போன நண்பர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் பாதி வந்துவிடும். வராததை மட்டும் கற்பனையில் நிரப்பாதீர்கள்.

கட்டுரை எழுதும் முறை. படிவத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள், ஐந்நூறு சொல், எழுநூறு சொல் என்று அளவும் இருக்கும். நேரே ஆங்கிலத்தில் தொடங்காதீர்கள். வீட்டில் உங்கள் பாட்டியோ அத்தையோ இருப்பார்கள். அவர்கள் முன் உட்கார்ந்து, போனில் பதிவு பண்ணிக்கொண்டு, நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள். பாட்டிக்கு மிஷன் தெரியாது, என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம் தெரியாது. "எதுக்குக் கண்ணு அங்க போன?" என்பார். "அவங்க சோறு தண்ணி குடுத்தாங்களா?" என்பார். அந்தக் கேள்விகளுக்கு நீங்கள் சொல்லும் பதில்தான் கட்டுரை. அதைக் கேட்டுத் தமிழில் எழுதி, பிறகு உங்கள் ஆங்கிலத்தில் மாற்றுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் குறையில்லை. பிழையை மட்டும் ஒரு ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். நடையைத் திருத்த விடாதீர்கள்.

ஒரு வேலையை எடுத்து ஆழமாக எழுதுங்கள். ஒன்பது வேலைகளைப் பட்டியல் போடுவதற்குப் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கும், அங்கே போட்டுக்கொள்ளலாம். முதல் வரியிலேயே ஓர் இடமும் ஓர் ஆளும் வரட்டும். 'சமூக மேம்பாட்டில் எனக்குச் சிறு வயது முதலே ஆர்வம் உண்டு' என்று தொடங்கிய தாள்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். செங்கல் சூளைப் பையன் இப்படித் தொடங்கினான்: "செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு சூளையில் வெளிச்சம் இருக்காது, அதனால் என் போன் டார்ச்சில்தான் முதல் வகுப்பு நடந்தது." குழு அடுத்த வரியைப் படிக்காமல் விடுமா?

எழுதி முடித்ததும் ஒரு பென்சிலை எடுத்து 'நான்' வருகிற இடங்களை எல்லாம் வட்டமிடுங்கள். அதில் எத்தனை உண்மையில் 'நாங்கள்' என்று பாருங்கள். ஹாஸ்டல் சமையல்கார அக்கா மிச்சமான இட்லியைக் கட்டிக் கொடுத்திருப்பார், வாட்ச்மேன் அண்ணன் கேட்டைத் திறந்து வைத்திருப்பார், தோழி இரண்டு மாதம் உனக்குப் பதிலாகப் போயிருப்பாள். அவர்களை எழுதினால் உன் பங்கு குறைந்துவிடாது. பாடகர் குழுவை நடத்திய ஒரு பெண், விடுதிச் சமையல்கார அக்காக்களையும் குழுவில் சேர்த்து கிறிஸ்து பிறப்பு விழாப் பூசையில் பாட வைத்ததை எழுதினாள். அதுவரை அந்த அக்காக்கள் கல்லூரிப் பூசைகளில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடிவிடுவார்களாம். விசுவாசத்தைப் பற்றி எழுதுவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். எத்தனை செபமாலை சொன்னாய் என்பதை எண்ணிக் காட்டாதே. செபம் உன்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை எழுது.

நேரக் கணக்கில் நேர்மை வேண்டும். என்.எஸ்.எஸ்.ஸில் வருஷத்துக்கு 120 மணி, இரண்டு வருஷத்துக்கு 240 மணி, ஒரு ஏழு நாள் முகாம் என்பது வழக்கம். அது தனி. கிரெடிட்டுக்காகக் கல்லூரியே கட்டாயமாக அனுப்பும் கிராமப் பணி தனி. அதற்கு மேல் நீயாகப் போனது தனி. மூன்றையும் ஒன்றாகக் கூட்டிப் பெரிய எண்ணாகக் காட்டினால், அந்தத் திட்டத்தை நடத்துகிற பேராசிரியரே குழுவில் உட்கார்ந்திருப்பார். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் ஒகேனக்கல்லில் பிளாஸ்டிக் பொறுக்கியது நாலு மணி நேரம் என்றால் நாலு மணி நேரம் என்றே எழுது.

படங்கள் வைக்கச் சொல்வார்கள். நோயாளியின் முகம், பிள்ளைகளின் முகம், நீ பொட்டலம் நீட்ட அவர் கை நீட்டும் படம், இவை வேண்டாம். உன் அம்மா அப்படி ஒரு படத்தில் இருந்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். பெயின்டில் எழுதிய போர், டார்ச் தொங்கிய மரம், பிள்ளைகள் எழுதிய நோட்டுப் பக்கம், இவை போதும். முகம் வேண்டும் என்றே இருந்தால் அவரிடம் கேட்டு, எதற்கு என்று சொல்லி, பிள்ளையென்றால் பெற்றோரிடம் கேட்டு வாங்கு. பெயரையும் அப்படித்தான். பணம் திரட்டியிருந்தால் ரசீதுகளின் நகலை இணைத்துவிடு.

பரிந்துரைக் கடிதம். நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இதில்தான். பெரிய பதவியில் இருப்பவரிடம் வாங்கினால் எடை கூடும் என்று நினைக்கிறார்கள். உன் வேலையைக் கண்ணால் பார்த்தவரிடம் வாங்கு. துணைப் பேராசிரியராக இருந்தாலும், விடுதிக் கண்காணிப்பாளராக இருந்தாலும் அவர்தான் சரி. பங்குத்தந்தையிடம் கேட்டால் அவர் அன்போடு, இவர் நல்ல குடும்பத்துப் பிள்ளை, தவறாமல் பூசைக்கு வருவார் என்று எழுதித் தருவார். அது உண்மைதான், ஆனால் குழுவுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அவர்மேல் குறையில்லை, நாம் விவரம் கொடுக்கவில்லை. ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு: என்ன விருது, கல்லூரியின் நோக்கம் என்ன, நான் எங்கே என்ன செய்தேன், நீங்கள் அதில் எதைப் பார்த்தீர்கள், கடிதம் என்றைக்குள் வேண்டும். குறைந்தது மூன்று வாரம் முன்னால் போய்க் கேள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிவிட்டால் சாமியார்களுக்கும் சிஸ்டர்களுக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. சிலுவைப்பாதையும் தியானமும் பாவசங்கீர்த்தனமும் என்று ஓடிக்கொண்டிருக்கிறவரிடம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று போய், நாளைக்கு வேண்டும் என்று நிற்காதே. கடிதம் கொடுத்தவருக்கு முடிவு எதுவானாலும் போய்ச் சொல்லிவிட்டு வா.

மற்ற காகிதங்கள் பெரிய விஷயமில்லை. சான்றிதழ் நகல்கள், வருகைப் பதிவு, கையொப்பங்கள். பெயரும் பதிவு எண்ணும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கட்டும், கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் கொடுத்துவிடு. கிராமத்தில் இருந்து ஆன்லைனில் அனுப்புகிறவர்கள் கரண்ட்டையும் நெட்டையும் நம்பிக் கடைசி ராத்திரி வரை இருக்க வேண்டாம்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டால் மூன்று கேள்விகளுக்குத் தயாராகப் போ. இதில் நீ தோற்றது எது? இது இந்தக் கல்லூரியின் நோக்கத்தோடு எப்படிச் சேருகிறது? நீ போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? வந்தவர்களில் பெரும்பாலோர் தடுமாறியது மூன்றாவதில்தான். மூன்று வருஷம் உழைத்திருப்பார்கள், ஜூனியர் ஒருவரையும் பழக்கியிருக்க மாட்டார்கள். அதற்கு வாயால் பதில் தயாரிக்க முடியாது, ஒரு ஆளைத்தான் தயாரிக்க வேண்டும். ஆகவே இப்போதே இரண்டாம் வருஷத்துப் பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கு. செங்கல் சூளைப் பையன் நேர்காணலில் இதற்குப் பதிலாகத் தன் தங்கையின் பெயரைச் சொன்னான். அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இப்போது வியாழக்கிழமைகளில் அவள்தான் போகிறாள்.

முதல் கேள்விக்கு மழுப்ப வேண்டாம். யாரும் வராத நாள், நடுவில் நின்றுபோன பிள்ளை, பரீட்சைக்காக நீயே போகாமல் விட்ட மாதம், உள்ளதைச் சொல்லு. பதினேழு வயதில் கல்யாணம் பேசிய வீட்டில் தன் மாணவிக்காகப் பேசிப் பார்த்தும் முடியாமல், குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் போன் செய்யத் தெரியாமல் விட்டுவிட்டேன் என்று ஒரு பெண் சொன்னாள். அழுதுவிட்டாளாம். சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு தன் வகுப்பில் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் அந்த எண்ணை மனப்பாடம் செய்ய வைத்ததையும் சொன்னாளாம். அவளுக்கு விருது கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் குழுவில் இருந்த ஒரு பேராசிரியர் மறுவாரமே அவளைக் கூப்பிட்டு, கல்லூரி முகாமில் அதையே ஒரு வகுப்பாக எடுக்கச் சொன்னார்.

விருது கிடைத்தால், அன்று மேடையில் வாசித்த பாராட்டுரையின் ஒரு நகலைக் கேட்டு வாங்கு. அதை எடுத்துக்கொண்டு யாரைப் பற்றி எழுதினாயோ அவர்களிடம் போய்த் தமிழில் வாசித்துக் காட்டு. கிடைக்காவிட்டாலும் நீ எழுதிய தாளை எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டு. தவறாக எழுதியிருந்தால் அவர்களே திருத்துவார்கள். என் மகள் என் இரண்டு பக்கத்தைப் பாட்டியிடம் வாசிக்கவில்லை. தானே புதிதாக அரைப் பக்கம் எழுதி, படிப்பு முடிந்து விடுதியைக் காலி செய்த அன்று வாசித்தாள். மாத்திரை டப்பாவின் நிறத்தைத் தப்பாக எழுதியிருப்பதாகப் பாட்டி சொன்னாராம், காலை மாத்திரை பச்சை டப்பாவில், சிவப்பில் இல்லை என்று.

இந்த வருஷம் எழுதுகிறவர்கள் ஞாயிறு பூசை முடிந்து பத்தரை மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். படிவம், கல்லூரிக் கையேடு, நோட்டு, பாட்டியிடம் பேசிய பதிவு, நாலும் கையில் இருக்கட்டும்.